அம்மாவிடம் வாக்காளர் அட்டை இருக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை. படிவம் 6 போடுவதா, 8 போடுவதா?

மூன்றாம்தெரு:

வணக்கம். விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

அம்மாவுக்கு எழுபதை ஒட்டிய வயது. அப்பா இறந்த பிறகு ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிட்டார், நாங்கள் இருப்பது வேறு மாவட்டம். ஆதாரில் முகவரியை இங்கே மாற்றியாயிற்று, வங்கிக் கணக்கும் இங்கேதான். ஓட்டு மட்டும் ஊரிலேயே இருந்தது, தேர்தலுக்குத் தேர்தல் போய்ப் போட்டுவிட்டு வருவார். 2025 நவம்பரில் தீவிரத் திருத்தத்துக்காக (வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்த்துப் புதிதாகத் தயாரிப்பது) படிவம் கொடுக்க பிஎல்ஓ (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) ஊர் வீட்டுக்கு வந்தபோது வீடு பூட்டியிருக்கிறது, பக்கத்து வீட்டில் "அவங்க பொண்ணு வீட்டோட போயிட்டாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கு யாரும் போன் பண்ணவில்லை. டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் அம்மா பெயர் இல்லை.

கையில் இருப்பது தொண்ணூறுகளில் கொடுத்த கருப்பு வெள்ளை அட்டை. எண் டிஎன் என்று தொடங்கி நடுவில் சாய்வுக் கோடுகளோடு நீளமாக இருக்கிறது, அதை இணையதளத்தில் போட்டால் 'பதிவு இல்லை' என்கிறது. அட்டையில் 1.1.1995 அன்று வயது 40 என்று அச்சாகியிருக்கிறது, ஆதாரில் பிறந்த தேதி 1.1.1957. பெயரும் அப்படித்தான். அட்டையில் அப்பாவின் இன்ஷியல், ஆதாரில் தாத்தாவின் பெயர் முழுதாகப் பின்னால் ஒட்டியிருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி, டிசி எல்லாம் யாரும் வாங்கி வைக்கவில்லை.

ஒரு இ-சேவை மையத்தில் படிவம் 8 என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 6 என்கிறார்கள். தாலுகா ஆபீஸில் ஒருவர் "ஊருக்குப் போய் அங்கேயே பாருங்கம்மா" என்று முடித்துவிட்டார். எது சரி? வயது வேறு, பெயர் வேறு என்று தள்ளிவிடுவார்களா? பழைய இடத்திலேயே பெயரைத் திரும்பச் சேர்க்க முடியுமா? அம்மாவுக்கு அதுதான் ஆசை. பட்டியலில் இல்லை என்று சொன்னதும் அவர் முதலில் கேட்டது, "என்னைச் செத்துப்போனதா எழுதிட்டாங்களா?" என்றுதான். எனக்குப் பதில் தெரியவில்லை.

சும்மாபடிப்பவன்:

அந்தச் சாய்வுக் கோடு எண் இப்போது செல்லாது. எல்லோருக்கும் மூன்று எழுத்து, ஏழு இலக்கம் என்று ஒரே மாதிரி எண் கொடுத்தபோது பழையவற்றை மாற்றிவிட்டார்கள். நிறைய பேருக்குப் புது எண் வந்ததே தெரியாது, ஏனென்றால் வாக்குச்சாவடியில் பழைய அட்டையைப் பார்த்துத் தலையாட்டிவிடுவார்கள். அதனால் எண்ணை வைத்துத் தேடாமல் பெயர், கணவர் பெயர், தொகுதி கொடுத்துத் தேடிப் பாருங்கள். எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போடுங்கள். கடைசித் தேர்தலின் பூத் சிலிப் வீட்டில் கிடந்தால் அதில் புது எண் இருக்கும். எதுவும் சரிவரவில்லை என்றால் 1950க்கு அடியுங்கள், மாவட்ட உதவி எண் அதுதான்.

பழையபிஎல்ஓ:

நான் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், பல வருஷம் பிஎல்ஓ வேலையும் பார்த்தேன். வகுப்பு முடிந்ததும் கையில் பட்டியலோடு தெருத் தெருவாகப் போகிற வேலை. அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

அட்டை ஓட்டு ஆகாது, பட்டியலில் இருக்கிற பெயர்தான் ஓட்டு. அட்டையைத் தொலைத்தவர் கூட, பட்டியலில் பெயர் இருந்தால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கி அல்லது தபால் ஆபீஸ் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை என்று ஏதாவது ஒன்றைக் காட்டி ஓட்டுப் போடலாம். அட்டை பளபளவென்று இருந்தும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் தேர்தல் நாளில் யார் காலில் விழுந்தாலும் நடக்காது. காலையில் வரிசையில் நின்று, உள்ளே வந்து, பெயர் இல்லை என்று கேட்டு, அட்டையை மேசை மேல் தட்டிச் சண்டை போட்டவர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் வாக்குச்சாவடி அலுவலரால் செய்ய முடிந்தது எதுவுமில்லை. பூத் சிலிப்பும் அப்படியே. 2019லிருந்து அதை மட்டும் காட்டி ஓட்டுப் போட முடியாது.

இனி உங்கள் அம்மா கேட்ட கேள்வி. செத்துப்போனதாக எழுதியிருக்கிறார்களா என்பதை ஊகிக்க வேண்டாம், பார்க்கவே முடியும். வரைவில் விடுபட்டவர்கள் பெயரைத் தனிப் பட்டியலாக வாக்குச்சாவடி வாரியாகக் காரணத்தோடு வெளியிட்டிருக்கிறார்கள். வீட்டில் இல்லாதவர், இடம் மாறியவர், இறந்தவர், இரண்டு இடத்தில் பதிந்தவர் என்று காரணம் போட்டிருக்கும். பீகாரில் 2025இல் இதே திருத்தம் நடந்தபோது வரைவில் 65 லட்சம் பெயர்கள் காணாமல் போயின, முதலில் யார் எதற்காக என்று பட்டியல் தரவில்லை. ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் பெயரையும் காரணத்தையும் வெளியிடச் சொன்ன பிறகுதான் வெளியே வந்தது. அதன் பலன் இப்போது நமக்கும் கிடைக்கிறது. பக்கத்து வீட்டில் சொன்னதை வைத்துப் பார்த்தால் 'இடம் மாறியவர்' என்றுதான் இருக்க வேண்டும். ஒருவேளை இறந்தவர் என்று இருந்தால் அதை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் விசாரணை என்று வந்தால் உதவும்.

6 ஆ 8 ஆ என்று ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2022 ஆகஸ்டுக்கு முன்னால் ஒரு தொகுதியிலிருந்து இன்னொரு தொகுதிக்கு மாறினால் படிவம் 6 தான் போடணும், அதே தொகுதிக்குள் மாறினால் 8ஏ. அதற்குப் பிறகு 8ஏ ஒழிந்தது, எங்கே மாறினாலும் படிவம் 8 என்றாகிவிட்டது. திருத்தம், மாற்று அட்டை, மாற்றுத்திறனாளி என்று குறிப்பது எல்லாம் அந்த ஒரே படிவத்தில். படிவம் 6 இப்போது தலைப்பிலேயே 'புதிய வாக்காளர்' என்று சொல்கிறது. பழைய பழக்கத்தில் இருப்பவர்கள் 6 என்பார்கள், புதுசாகப் பயிற்சி எடுத்தவர்கள் 8 என்பார்கள்.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல். படிவம் 8 என்பது இருக்கிற பதிவை நகர்த்துவது. உங்கள் அம்மாவுக்கு நகர்த்துவதற்குப் பதிவே இல்லை, நீக்கிவிட்டார்கள். அதனால் எழுபது வயசுக்காரராக இருந்தாலும் அவர் போட வேண்டியது படிவம் 6, கூடவே இந்தத் திருத்தத்துக்கான உறுதிமொழிப் படிவம். 'புதிய வாக்காளர்' என்ற தலைப்பைப் பார்த்து அம்மா கோபப்படுவார், படட்டும். ஆனால் போடுவதற்கு முன்னால் பெயர் நாட்டில் வேறெங்கும் இல்லை என்று தேடி உறுதி செய்யுங்கள். எங்காவது ஒரு மூலையில் உயிரோடு இருந்தால் அப்போது 8.

ஊரிலேயே சேர்ப்பது பற்றி: அம்மா மனசு எனக்குப் புரிகிறது, ஆனால் சட்டம் அப்படி இல்லை. 1950ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 20, ஒரு ஊரில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதால் மட்டுமே அங்கே வசிப்பதாக ஆகிவிடாது என்கிறது. படுத்து எழுந்து வாழ்கிற இடம் எதுவோ அங்கேதான் ஓட்டு. தற்காலிகமாக வெளியே போனவருக்கு ஓட்டுப் போகாது, உண்மைதான். ஆனால் ஆதார், வங்கி எல்லாம் இங்கே மாறிய பிறகு 'தற்காலிகம்' என்று எப்படிச் சொல்வீர்கள்? அந்த ஊர் பிஎல்ஓ செய்ததில் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை. ஒரு போன் செய்திருக்கலாம். ஆயிரம் பேர் இருக்கிற பாகத்தில் (பட்டியலில் ஒரு வாக்குச்சாவடிக்கான பகுதி) எல்லோர் எண்ணும் கையில் இருப்பதில்லை, அதுவும் நிஜம்.

ஆவணத்துக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். 2002–2005 காலத்தில் நடந்த முந்தைய தீவிரத் திருத்தத்தின் பட்டியலில் அம்மா பெயர் இருந்தால் அதுவே பெரிய சான்று. அந்தப் பக்கத்தை அச்செடுத்து இணையுங்கள். தேடும்போது ஒன்றைக் கவனிக்கணும்: 2008 தொகுதி மறுவரையறைக்கு முன்னால் இருந்த தொகுதிப் பெயரில்தான் அந்தப் பட்டியல் இருக்கும். இன்றைய தொகுதி அன்று வேறு பெயரில், வேறு எல்லையில் இருந்திருக்கலாம், பாகம் எண்ணும் பெரும்பாலும் வேறு. அன்று எந்தப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டார் என்று அம்மாவிடம் கேளுங்கள். வாக்குச்சாவடி பெயரை வைத்துப் பாகத்தைப் பிடித்துவிட்டால் உள்ளே தெரு வாரியாக, வீட்டு எண் வரிசையில் போகும். நிறையப் பக்கங்கள் ஸ்கேன் செய்த படம் மாதிரி இருக்கும், பெயரை அடித்துத் தேட வராது, கண்ணால்தான் ஓட்டணும். மாமியார், மாமனார், ஓரகத்தி என்று ஒரே வீட்டு எண்ணில் நாலைந்து பேர் வரிசையாக இருப்பார்கள், அந்தக் கூட்டத்தைப் பிடித்தால் அம்மா அங்கே இருப்பார்.

நேராகச்சொல்:

எதற்கு இவ்வளவு? ஆதார் இருக்கில்லையா, ஆதாரைக் காட்டி படிவம் 6 போட்டுவிட்டுப் போங்கள், பத்து நிமிஷ வேலை. பழைய பதிவு எங்கேயாவது இருந்தால் இருக்கட்டும், யார் பார்க்கப் போகிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு இடத்தில் இருக்கிறது, இதுவரை ஒன்றும் ஆகவில்லை. ஊரில் ஒன்று, இங்கே ஒன்று. வேண்டுகிற இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

கட்டுக்கோப்பு:

மேலே சொன்னதைக் கேட்டு யாரும் நடக்காதீர்கள். ஒருவர் ஒரு தொகுதிக்கு மேல் பதியக் கூடாது (அதே 1950ஆம் வருஷத்துச் சட்டம், பிரிவு 17), ஒரே தொகுதியிலும் ஒரு தடவைக்கு மேல் பதியக் கூடாது (பிரிவு 18). படிவத்தில் 'வேறெங்கும் என் பெயர் இல்லை' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு இருந்தால் அது பொய் உறுதிமொழி. பிரிவு 31, ஒரு வருஷம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். யாரும் ஜெயிலுக்குப் போவதை நான் பார்த்ததில்லை, ஆனால் இரட்டைப் பதிவு என்று இரண்டையும் சேர்த்து நீக்கிவிட்டு, பின்னால் ஆளை அலையவிட்டதைப் பார்த்திருக்கிறேன். வக்கீல் அலுவலகத்தில் கோப்பு தூக்குகிறவன் நான், இந்த மாதிரி ஆட்கள் எங்களிடம் வருவது எல்லாம் கெட்ட பிறகுதான்.

ஆதார் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பாதிக் குழப்பம். ஆதார் என்பது இந்த ஆள் இந்த ஆள்தான் என்று காட்டுவது. ஆதார் சட்டம் பிரிவு 9லேயே அது குடியுரிமைக்குச் சான்று இல்லை என்று இருக்கிறது. பிறந்த தேதிக்கும் அதை முழுச் சான்றாக எடுக்க முடியாது என்று ஆதார் ஆணையமே சுற்றறிக்கை விட்டது, அதன் பிறகு 2024 ஜனவரியில் பிஎஃப் அலுவலகம் பிறந்த தேதிச் சான்றுகளின் பட்டியலிலிருந்து ஆதாரை எடுத்துவிட்டது. ஆனால் அதே ஆதாரை, பீகார் திருத்தத்தில் 2025 செப்டம்பர் 8 அன்று, ஏற்கெனவே ஏற்கப்பட்ட பதினொரு ஆவணங்களோடு பன்னிரண்டாவதாக ஏற்கச் சொன்னது உச்ச நீதிமன்றம், அடையாளத்துக்காக மட்டும் என்று தெளிவாகச் சொல்லி. ஆக, இணையுங்கள், அதை மட்டுமே நம்பாதீர்கள். பழைய பட்டியல் பக்கமும் ஆதாரும் சேர்ந்தால் உங்கள் அம்மாவுக்குப் போதும் என்றுதான் நினைக்கிறேன்.

வயது வித்தியாசத்துக்குப் பயப்படாதீர்கள். 1.7.1987க்கு முன்னால் பிறந்தவர் தன் பிறந்த தேதி அல்லது பிறந்த இடத்துக்குத் தன்னுடைய ஆவணம் ஒன்று கொடுத்தால் போதும், அப்பா அம்மா ஆவணம் கேட்பது அதற்குப் பிறகு பிறந்தவர்களிடம். அம்மா 55இல் பிறந்தாரா 57இல் பிறந்தாரா என்பதால் ஓட்டுரிமை மாறப்போவதில்லை, இரண்டிலும் பதினெட்டைத் தாண்டி அரை நூற்றாண்டு ஆகிறது. அந்தக் காலத்து ஆதாரில் ஜனவரி 1 என்று இருந்தால் வருஷம் மட்டும் தெரியும், தேதி தெரியாது என்று பதிந்தது என்பது எல்லா அலுவலகத்துக்கும் தெரியும். படிவத்தில் ஆதாரில் உள்ளதையே எழுதுங்கள். மூன்றாவதாகப் புதுசாக ஒரு தேதியை மட்டும் உருவாக்கிவிடாதீர்கள்.

ஒரு தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது: லால் பாபு உசேன் வழக்கு, உச்ச நீதிமன்றம், 1995. ஏற்கெனவே பட்டியலில் இருக்கிற ஒருவரை நீ குடிமகன் இல்லை என்று நீக்க வேண்டுமானால், முன்பு உரிய முறைப்படிதான் சேர்த்திருப்பார்கள் என்ற அனுமானத்தோடுதான் தொடங்க வேண்டும், உரிய நோட்டீஸ் கொடுத்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்றது. இப்போதைய திருத்தத்தில் இது எவ்வளவு பொருந்தும் என்பது தனிச் சண்டை, அதற்குள் போகவில்லை. ஆனால் விசாரணைக்குக் கூப்பிட்டால் முப்பது வருஷமாகப் பட்டியலில் இருந்தவர் என்பதை எழுத்தில் கொடுங்கள், வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள்.

தள்ளுபடி செய்தால் அதோடு முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள், அதுதான் எனக்கு ஆத்திரம். வாக்காளர் பதிவு அலுவலர் முடிவு சரியில்லை என்றால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு, அங்கேயும் சரிவரவில்லை என்றால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். பிரிவு 24. இதற்கு வக்கீல் தேவையில்லை (எங்கள் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு சொல்கிறேன்). தேவை ஒன்றுதான், அந்தத் தள்ளுபடி உத்தரவு காகிதத்தில் கையில் இருக்க வேண்டும்.

நேராகச்சொல்:

சரி சார், சட்டம் பேசினால் நான் என்ன சொல்ல. இரண்டு இடத்தில் இருப்பதை எப்படி எடுப்பது, அதையும் சொல்லிவிடுங்கள்.

கட்டுக்கோப்பு:

வேண்டாத இடத்துப் பதிவை நீக்கப் படிவம் 7. உங்கள் பெயரை நீக்க நீங்களே போடலாம். அடுத்தவர் பெயரை நீக்கச் சொல்லிப் போடுவதானால் போடுகிறவர் அதே தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும், நீக்கப்படுகிறவருக்கும் தகவல் சொல்லி அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும்.

மூன்றாம்தெரு:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு விஷயம் ஆயிற்று. விடுபட்டவர் பட்டியலைப் பார்த்தோம், 'நிரந்தரமாக இடம் மாறியவர்' என்றுதான் இருக்கிறது. அம்மாவிடம் காட்டினேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டு, "அப்பா பேரையும் எடுத்துட்டாங்களா பாரு" என்றார். அப்பா பெயர் இறந்தவர் என்ற காரணத்தோடு அதே பக்கத்தில் இருந்தது. இத்தனை வருஷம் அது நீங்காமல் இருந்தது எங்களுக்கே தெரியாது.

பழைய பட்டியலையும் பிடித்துவிட்டோம். பிஎல்ஓ அம்மா சொன்ன மாதிரியே பாட்டி, பெரியப்பா, பெரியம்மா எல்லோரும் ஒரே வீட்டு எண்ணில் இருக்கிறார்கள். அம்மா பெயர் இன்ஷியல் இல்லாமல் வெறும் பெயராக, கணவர் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர். இப்போது ஆதாரில் தாத்தா பெயரோடு இருக்கிறது, மூன்று இடத்தில் மூன்று மாதிரி. முதலில் ஆதாரில் பெயரை மாற்றிவிட்டு வரச் சொல்கிறார் இங்கே ஒருவர். கெஜட்டில் பெயர் மாற்றம் போட வேண்டும் என்கிறார் இன்னொருவர். செய்யணுமா?

இன்ஷியல்காரி:

கெஜட் எல்லாம் வேண்டவே வேண்டாம், அது பெயரையே மாற்றிக்கொள்கிறவர்களுக்கு. உங்கள் அம்மா பெயரை மாற்றவில்லை, அவர் பெயருக்கு முன்னாலும் பின்னாலும் யார் பெயரை ஒட்டுவது என்று ஒவ்வொரு அலுவலகமும் தனித்தனியாக முடிவெடுத்திருக்கிறது, அவ்வளவுதான். நம் ஊர் பெண்களில் பாதிப் பேர் நிலைமை இது. கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய சான்றிதழில் அப்பா இன்ஷியல், ரேஷன் கார்டில் கணவர் இன்ஷியல், பான் கார்டில் இன்ஷியலை விரித்து முழுப் பெயர், பாஸ்போர்ட்டில் இன்ஷியலே கூடாது என்பதால் அது தனிக் கதை. நான் என்னுடையதை ஒழுங்கு பண்ணப் போய்க் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

ஆதாரில் கை வைக்கும் முன் யோசியுங்கள். பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே தடவை. இந்தப் படிவத்துக்காக அவசரத்தில் ஒன்றைச் செலவழித்துவிட்டு நாளைக்குப் பென்ஷன், வங்கி, வாரிசுச் சான்றிதழ் என்று வரும்போது மாட்டிக்கொள்ளக் கூடாது. அவருடைய பாஸ்புக் ஆதாரோடு ஒத்துப்போகிறதா? போகிறது என்றால் ஆதாரில் உள்ள பெயரையே அடிப்படையாக வைத்துக்கொண்டு வாக்காளர் படிவத்தையும் அப்படியே நிரப்புங்கள்.

அப்புறம் வாக்காளர் பட்டியலில் இன்ஷியல் அவ்வளவு பெரிய விஷயமே இல்லை. உறவினர் பெயருக்குத் தனிக் கட்டம் இருக்கிறது, அதில் கணவர் என்று குறித்து அப்பா பெயரை எழுதுங்கள். பழைய பட்டியலிலும் அதே கட்டத்தில் அதே பெயர் இருப்பதால் இரண்டும் ஒருவரேதான் என்று பார்க்கிறவருக்கு உடனே தெரியும். அப்பா இறந்துவிட்டாரே, அவர் பெயரை எழுதலாமா என்று சிலர் தயங்குவார்கள். எழுதலாம். கணவர் பெயர் என்பது அவர் யார் என்று அடையாளம் காட்டத்தான், இருக்கிறாரா இல்லையா என்று கேட்க இல்லை. விருப்பமில்லை என்றால் தந்தை பெயரும் போடலாம், ஆனால் இந்தச் சமயத்தில் பழைய பதிவோடு பொருந்துவதுதான் முக்கியம்.

தமிழில் பெயர் அச்சாகிற பகுதியைச் சமர்ப்பிக்கும் முன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். ஆங்கிலத்தில் அடித்தால் தளமே தமிழில் மாற்றிக் காட்டும். ழகரம், ளகரம், ணகரம் எல்லாம் அதற்கு ஒன்றுதான். அதே கட்டத்தில் தமிழில் திருத்தலாம், அப்போதே திருத்திவிட்டால் பின்னால் இன்னொரு படிவம் 8 மிச்சம்.

கூரையில்லாதவன்:

நடுவில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். எங்கள் குழுவில் பாலத்துக்குக் கீழே படுக்கிற சில குடும்பங்களுக்கு உதவிக்கொண்டிருக்கிறோம். அவர்களுக்கு முகவரிச் சான்று எதுவுமே கிடையாது. பிஎல்ஓவிடம் கேட்டால் வாடகை ஒப்பந்தம் கொண்டுவரச் சொல்கிறார். பாலத்துக்கு யார் வாடகை ஒப்பந்தம் போடுவார்கள்?

பழையபிஎல்ஓ:

அப்படிக் கேட்டது தப்பு. வீடில்லாதவர்களுக்கு முகவரிச் சான்று தேவையில்லை. படிவத்தில் தூங்குகிற இடத்தை எழுதினால், பிஎல்ஓ ராத்திரியில் அங்கே போய் அவர் அங்கேதான் படுக்கிறாரா என்று பார்த்து எழுத வேண்டும். தேர்தல் ஆணையத்தின் நடைமுறையிலேயே அது இருக்கிறது. நானும் அப்படி ஒரு சாலையோரத்துக்கு டார்ச்சோடு போயிருக்கிறேன், கூட ஒரு கிராம உதவியாளரை அழைத்துக்கொண்டு. பகலில் போனால் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள், வேலைக்குப் போய்விடுவார்கள், 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டு வருவது ரொம்பச் சுலபம். உங்கள் குழு ஆட்கள் உதவி வாக்காளர் பதிவு அலுவலரிடம், பெரும்பாலும் தாசில்தார்தான், படிவங்களோடு ஒரு கடிதமும் கொடுங்கள். படுக்கிற இடத்தை 'இன்ன பாலம், இன்ன தூணுக்கு அருகில்' என்கிற அளவுக்குத் துல்லியமாக எழுதுங்கள். பகலில் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பதையும் சேருங்கள்.

மூன்றாம்தெரு:

கடைசியாக ஒன்று. வரைவுக்கான ஆட்சேபணைக் காலம் முடிந்துவிட்டால் அப்புறம் அடுத்த வருஷம்தானா? விசாரணைக்கு அம்மாவே நேரில் வர வேண்டுமா, மூட்டுவலியோடு படி ஏற முடியாது. வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம் என்கிறார்களே, அது அவருக்குக் கிடைக்குமா?

பழையபிஎல்ஓ:

அடுத்த வருஷம் இல்லை. இறுதிப் பட்டியல் வந்த பிறகும் படிவம் எப்போதும் போடலாம், தொடர் திருத்தம் என்று அது நடந்துகொண்டேதான் இருக்கும். வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் வந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பட்டியல் பூட்டப்படும். படிவம் வந்து, நோட்டீஸ் போட்டு, விசாரித்து முடிக்க நாள் வேண்டும் என்பதால் அதற்குப் பத்து நாள் முன்னாலேயே வந்திருந்தால்தான் கணக்கில் எடுப்பார்கள். தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.

வீட்டிலிருந்து ஓட்டு 85 வயது தாண்டியவர்களுக்கும் 40 சதவீதமோ அதற்கு மேலோ இயலாமைச் சான்று உள்ளவர்களுக்கும்தான். 2024 வரை 80 வயதாக இருந்தது, பிறகு ஏற்றிவிட்டார்கள். மூட்டுவலிக்குச் சான்று இல்லையென்றால் வாக்குச்சாவடிக்குத்தான் வரணும், சக்கர நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

விசாரணை என்று நோட்டீஸ் வந்தால்தான் போக வேண்டும், எல்லோருக்கும் வராது. வந்து, அவரால் முடியாது என்றால் அதை எழுதிக் கொடுத்து பிஎல்ஓவை வீட்டுக்கு வரச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பகுதி பிஎல்ஓ பெயரும் எண்ணும் வாக்காளர் சேவைத் தளத்தில் வாக்குச்சாவடியைத் தேடினால் வரும். கொஞ்சம் சாயங்காலமாகக் கூப்பிடுங்கள், பகலில் அவர் வகுப்பிலோ அங்கன்வாடியிலோ இருப்பார்.

இன்னொன்று, படிவத்தில் கைபேசி எண் கேட்கிற இடத்தில் சொந்த எண்ணா, உறவினர் எண்ணா என்று பிரித்திருக்கும். அம்மாவுக்குத் தனி போன் இல்லையென்றால் உறவினர் எண் என்ற இடத்தில் உங்கள் எண்ணைப் போடுங்கள், காலியாக விடாதீர்கள். தாளாகக் கொடுத்தால் அடியில் இருக்கும் ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கையெழுத்து வாங்காமல் நகராதீர்கள், இணையத்தில் போட்டால் வருகிற குறிப்பு எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். பழைய கருப்பு வெள்ளை அட்டையைத் திருப்பிக் கேட்டால் நகல் மட்டும் கொடுங்கள்.

மூன்றாம்தெரு:

சரிங்க டீச்சர். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நிரப்புகிறோம். போட்டோவுக்குப் புதுசாக எடுக்கணும், வெள்ளைப் பின்னணி கேட்கிறார்கள். குறிப்பு எண் வந்ததும் இங்கேயே சொல்கிறேன், நோட்டீஸ் வந்தால் அதையும்.